இடமாக வந்த ஊர்வலம்

உட்காருங்கள், திரவியம் சார். அந்த நாற்காலி வேண்டாம். அது உள்ளறைக்கு நேராக இருக்கிறது. அம்மா எட்டிப் பார்த்தால் யார், எந்த ஊர் என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். இதில் உட்காருங்கள். காப்பி தர இயலவில்லை. என் மனைவி கோமதி எட்டு மாதமாகக் கோயம்புத்தூரில் மகள் வீட்டில் இருக்கிறாள். அந்த ஊர்த் தண்ணீர் அவளுக்கு ஒத்துக்கொண்டுவிட்டது.

இவ்வாண்டு அந்த வித்தைக்காரர் சங்கத்தின் மாநாடு உங்கள் ஊரில். ஊர்வலத்தை எப்படி நடத்துவது என்று சென்ற ஆண்டு நடத்தியவனிடம் கேட்க வந்திருக்கிறீர்கள். அது முறை. கோப்பு இதோ இருக்கிறது: காவல் நிலையத்துக்குக் கொடுத்த மனு, நகராட்சி அனுமதி, வரிசைப் பட்டியல், பாதையின் வரைபடம். எல்லாம் தருகிறேன். உங்கள் சட்டைப் பையில் இன்னொரு கடிதம் இருப்பதும் தெரிகிறது. கையெழுத்தையும் பார்த்துவிட்டேன். அதற்குப் பிறகு வருவோம். முதலில் நடந்ததைக் கேளுங்கள். இந்த ஊர்வலத்தைப் பற்றி ஊரில் பல பாடங்கள் வழங்குகின்றன. பேருந்து நிலையத்திலேயே ஒன்று உங்கள் காதில் விழுந்திருக்கும். என் பாடம்தான் முழுமையானது.

ஜக்ளிங் என்று அவர்கள் சொல்கிறார்கள். பந்தோ வளையமோ கட்டையோ, கையில் அகப்பட்டதை ஒன்று மாற்றி ஒன்றாக மேலே எறிந்து, ஒன்றும் கீழே விழாமல் பிடிப்பது. நான் எறிபிடி வித்தை என்று எழுதினேன். விளம்பரத் துணியிலும் அப்படியே போட்டார்கள். முப்பத்து நான்கு ஆண்டு தமிழ் சொல்லிக் கொடுத்து, அதில் பதினொரு ஆண்டு தலைமையாசிரியராக இருந்தவனிடம் ஒரு பொறுப்பைக் கொடுத்தால் பெயரிலிருந்துதான் தொடங்குவான். ஓய்வு பெற்ற பிறகு ஒரே ஒரு கதைப்பாட்டை நாற்பத்தொரு பேர் பாடக் கேட்டு, எந்த வரி யார் வாயில் எப்படித் திரிகிறது என்று குறித்து வைத்திருக்கிறேன். பிறர் சொன்னதை ஒரு சொல் பிசகாமல் சொல்லுவேன். நம்பலாம்.

அந்தச் சங்கத்துக்குத் தலைவி பிரவீணா என்ற ஒரு பெண். சென்னையில் பல் மருத்துவர். நல்ல பெண், கேட்டதை உடனே நம்பும். “உங்க ஊர்லதான் சார் நடத்தணும், அதுக்கு ஒரு காரணம் இருக்கு, அப்புறம் சொல்றேன்” என்று தொலைபேசியில் சொன்னாள். வரவேற்புக் குழுச் செயலாளராக இருக்க ஒப்புக்கொண்டேன். காரணம் நான்காவது கடிதத்தில் வந்தது. வரிசைப் பட்டியலின் முதல் வரி: ஊர்வலத்தின் முன்னால் நடப்பவர் எங்கள் ஆசிரியை தில்லைநாயகி, சர்க்கஸ் கலைஞர், உங்கள் ஊரில் பிறந்தவர்.

தில்லைநாயகி என் தங்கை. மறைக்க ஒன்றுமில்லை.

சின்ன வயதில் அடுக்களையிலிருந்து எலுமிச்சம்பழம் எடுத்துப் போய்க் கொல்லையில் போட்டுப் பிடிப்பாள். மூன்று பழம். நூறு எண்ணும் வரை ஒன்றும் விழாது. அம்மா அதட்டுவதுபோல் அதட்டிவிட்டு, கொல்லைப் படியில் நின்று தானே எண்ணுவார்கள். பிள்ளைகளைக் கெடுப்பது அப்படித்தான். அவளுக்கு இருபது வயதாகும்போது நகராட்சித் திடலில் ஒரு சர்க்கஸ் நாற்பது நாள் கூடாரம் போட்டது. நாற்பத்தோராம் நாள் கூடாரமும் இல்லை, இவளும் இல்லை. அந்தக் கூட்டத்தில் ஒருவனை மணந்துகொண்டாள் என்று பிறகு கேள்விப்பட்டோம். முப்பத்தெட்டு ஆண்டு ஆகிறது.

என்னம்மா? ... மணி நாலு. ... இன்னும் நேரம் ஆகல, வச்சிரும்மா.

அந்தச் சத்தம் தட்டு. விவரம் வருகிறது.

அவள் போன அன்று இரவிலிருந்து அம்மா அவளுக்கும் ஒரு தட்டு வைத்தார்கள். வெண்கலத் தட்டு. இலை போடும் வீட்டில், ஓர் ஓரத்தில் ஒரு தட்டு மட்டும் சும்மா மல்லாந்து கிடக்கும். ஒரு நாள், இரண்டு நாள் அல்ல, இருபது ஆண்டு. என் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள், “இந்தத் தட்டு யாருக்கு?” என்று கேட்டார்கள். நான் வாய் திறக்கும் முன் அம்மா சொல்லிவிட்டார்கள்: “எம் மகளுக்கு. சர்க்கஸ்ல இருக்கா.” வந்தவர்கள் காப்பியை முழுவதும் குடிக்கவில்லை.

அதே மாதம் தில்லையிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. அதுதான் முதல் கடிதம். கணவன் காலமாகிவிட்டான், ஒரு தடவை அம்மாவைப் பார்க்க வரலாமா என்று கேட்டிருந்தாள். அம்மாவுக்கு எழுத்து வாசனை கிடையாது. நான்தான் வாசித்துக் காட்டினேன். கடிதம் வந்தது உண்மை. அதில் ஒரு சாவு இருந்ததும் உண்மை. யாருடைய சாவு என்பதில் மட்டும் நான் பாடத்தை மாற்றினேன். உயரத்தில் வித்தை காட்டும்போது விழுந்துவிட்டாள் என்று வாசித்தேன்.

அம்மா அழவில்லை. “எத்தன எண்ணுறதுக்குள்ள விழுந்தா?” என்று கேட்டார்கள். அது கடிதத்தில் இல்லை என்றேன்.

முறைப்படி எல்லாம் செய்தேன். பதினாறாம் நாள் காரியம், எள்ளும் தண்ணீரும், வடை பாயாசத்தோடு சாப்பாடு. தெற்குத் தேர் வீதி முழுக்க வந்து சாப்பிட்டது. ஓடிப்போன ஒருத்திக்கு எந்த அண்ணன் இவ்வளவு செய்வான்? அன்றோடு தட்டு வைப்பது நின்றது. அடுத்த தை மாதம் மகளுக்குத் திருமணம் ஆயிற்று. யாருக்கு என்ன குறை வந்தது, சொல்லுங்கள்.

இப்போது புரிகிறதல்லவா? பதினேழு ஆண்டு முன்பு காரியம் செய்து முடித்த ஒருத்தி, நான் செயலாளராக இருக்கும் ஊர்வலத்தின் முன்னால் நடந்து வரப் போகிறாள். உள்ளே அம்மா உயிரோடு இருக்கிறார்கள். ஒரு கண்ணில் புரை எடுத்து அது நன்றாகவே தெரிகிறது. பகல் முழுவதும் அவர்களுக்கு அந்தத் தெருப்பக்க ஜன்னல்தான். “விலகிக்கிடுங்களேன்” என்றாள் கோமதி. அவளுக்கு நிர்வாகம் தெரியாது. நான் விலகினால் பாதையை வேறொருவர் போடுவார்.

ஊர்வலத்துக்கு முதல் நாள் வெளியூர்க்காரர்கள் வந்து பள்ளிக்கூடத்தில் தங்கினார்கள். அறுபத்து நான்கு பேர். அங்கே அவளைப் பார்த்தேன். தலை நரைத்து, தோள் ஒன்று இறங்கி, காலில் ரப்பர் செருப்போடு தண்ணீர்க் குழாயடியில் நின்றாள்.

“அண்ணாச்சி, நல்லா இருக்கியளா?”

நலம் என்றேன்.

“நாளைக்கி தெக்குத் தேர் வீதி வழியாத்தான வரும்? அம்மா ஜன்னல்ல இருப்பாளா? உள்ள வர மாட்டேன், பயப்படாதிய. வாசல்ல நின்னு ஒரு தடவ பாத்துக்கிடுதேன். அவளும் என்னைப் பாக்கட்டும். வேற ஒண்ணும் வேண்டாம்.”

உண்மையைச் சொல்வதே மரியாதை என்று தோன்றியது. உனக்குக் காரியம் செய்து பதினேழு ஆண்டு ஆகிறது என்றேன். குழாயை மூடினாள். பிறகு சிரித்தாள். அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே எதற்குச் சிரிப்பது என்று தெரியாது.

“நல்லாச் செஞ்சியளா? வடை உண்டா?”

உண்டு என்றேன்.

“காரியம் முடிச்சாச்சு, ஊர்வலந்தான் பாக்கி. அப்போ நாளைக்கி எடுக்கிறது என்னத்தான், அண்ணாச்சி.”

இதைக் குறித்துக்கொள்ளுங்கள், திரவியம் சார். அந்தச் சொல்லை முதலில் சொன்னவள் அவள். நான் அல்ல.

இனி ஏற்பாடுகளுக்கு வருவோம். கோப்பில் மூன்றாவது தாள், வரைபடம். நடுவில் கோயில், சுற்றி நான்கு தேர் வீதி. தேரடியில் தொடங்கி வலமாக வந்தால் முதல் தெருவே தெற்குத் தேர் வீதி, எங்கள் வீடு. இடமாக வந்தால் முதலில் வடக்கு, பிறகு மேற்கு. மேற்கு வீதி முடியும் முனையில் நகராட்சித் திடல். ஊர்வலம் அதற்குள் நுழைந்து கலைந்துவிடும். தெற்கு வீதியை மிதிக்கவே தேவையில்லை. ஆகவே இடமாக வருவது என்று அன்று மாலை மாற்றி எழுதினேன். போக்குவரத்துக் காரணம் என்று போட்டிருக்கிறேன், பாருங்கள். வெளியூர்ப் பேருந்து தெற்கு வீதி வழியாகத்தான் போகும். ஊர்வலமும் அங்கே வந்தால் நெரிசல். காரணம் பொய் அல்ல.

உங்களுக்கு எங்கள் ஊர் வழக்கம் தெரியாது. எங்கள் தேர் வீதியில் சாமியும் வரும், பிணமும் வரும். சாமி வலமாக வரும். பிணம் இடமாக வரும். வேறு எதுவும் இடமாக வந்ததாக எனக்கு நினைவில்லை. கல்யாண ஊர்வலமானாலும் கட்சி ஊர்வலமானாலும் வலந்தான். இது எனக்குத் தெரியும்தான். ஆனால் வந்தவர்கள் எறிபிடி வித்தைக்காரர்கள். அவர்களுக்கு வலம் எது, இடம் எது?

அடுத்தது வரிசை. பிரவீணா தன் ஆசிரியை முன்னால் நடக்க வேண்டும் என்றாள். நான் அவளுக்கு விளக்கினேன். எங்கள் ஊரில் முன்னால் போவது மேளமும் குடையும் பரிவாரமும். பெரியது எதுவோ அது கடைசியில் வரும். ஊரே அதற்காகத்தான் காத்து நிற்கும். அவள் கைப்பேசியில் குறித்துக்கொண்டாள். “எவ்வளவு அழகான கான்செப்ட் சார்” என்றாள். கடைசியில் வருபவை இரண்டு உண்டு. ஒன்றைச் சொன்னேன். மற்றதை அவள் கேட்கவில்லை.

மேளத்திலும் ஒரு சிக்கல். அன்று முகூர்த்த நாள். நாகசுரக்காரர் ஒருவரும் கிடைக்கவில்லை. மாசாணத்தின் கொட்டுக் குழுதான் சும்மா இருந்தது. சாவு வீட்டுக்குப் போகிறவர்கள்தான். ஆனால் வாசிப்பில் குறை சொல்ல முடியாது. மாசாணம் தேரடிக்கு வந்ததும் என்னைத் தனியே அழைத்தான். “சார், நாங்க என்ன கொட்டு அடிக்கணும்? சந்தோசத்துக்கா, மத்ததுக்கா?” நடப்பதற்கு ஏற்ற கொட்டு அடி என்றேன். “நடக்கிறதுக்கு எங்களுக்கு ஒரு கொட்டுத்தான் தெரியும், சார்” என்றான். அதை அடி என்றேன்.

சட்டை வெள்ளை. அது என் முடிவு அல்ல, சங்கத்தின் சீருடை.

மாலை நான்கு மணிக்குத் தேரடியில் வரிசை நின்றது. தில்லை கடைசியில் வந்து நின்றாள். வரிசையின் தலை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பார்த்தாள். என்னை அருகில் வரச் சொன்னாள்.

“இடமாவா, அண்ணாச்சி?”

“போக்குவரத்து.”

“கடைசில நானா?”

“மரியாதை.”

“கொட்டும் இதுதானா?”

“முகூர்த்த நாள்.”

“பச்ச மூங்கில் ரெண்டுதான் குறையுது. அதையும் சொல்லியிருந்தா நான் வரும்போதே வாங்கிட்டு வந்திருப்பேன்லா.”

அவள் வளையம் ஏழு போடுகிறவள்; பட்டியலில் அப்படித்தான் இருக்கிறது. அதைப் பையிலேயே வைத்துவிட்டாள். பூக்கடைக்குப் போய் மூன்று எலுமிச்சம்பழம் வாங்கி வந்தாள். பட்டியலுக்கு மாறானது என்று நான் ஆட்சேபித்திருக்கலாம். செய்யவில்லை. எல்லாவற்றுக்கும் குறுக்கே நிற்கிறவன் அல்ல நான்.

ஊர்வலம் கிளம்பியது. நான் முன்னால், செயலாளர் பட்டை அணிந்து. எனக்குப் பின்னால் மாசாணம். ஒற்றைச் சக்கர வண்டியில் ஒருவன், கட்டை எறிகிறவர்கள், பந்து எறிகிறவர்கள், இரண்டு வெள்ளைக்காரர்கள். வரவேற்பில் போட்ட மாலைகளை அவர்கள் கழற்றவில்லை. கொட்டு சூடு பிடித்ததும் உற்சாகத்தில் மாலையைப் பிய்த்துப் பிய்த்து, பூவை மேலே எறிந்து பிடிக்கத் தொடங்கினார்கள். பூவைப் பிடிக்க முடியுமா? வழி நெடுகச் சிதறியது. இது மட்டும் முழுக்க அவர்கள் செய்தது. நான் இதை யோசித்தே பார்த்திருக்க முடியாது.

வடக்குத் தேர் வீதியில் பெண்கள் கோலம் போட்டு, ஆரத்தித் தட்டோடு வாசலில் நின்றார்கள். நான்கு வீதியும் சுற்றி வரும் என்று குழு சார்பில் முன்பே வீடு வீடாகச் சொல்லியிருந்தோம். வலமாக வரும் என்று மேற்கே பார்த்து நின்றவர்களுக்குக் கிழக்கே கொட்டு கேட்டது. திரும்பினார்கள். கொட்டு, பூ, வெள்ளைச் சட்டை, இடம். ஒருத்தி ஆரத்தியைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு உள்ளே போனாள். அடுத்த வீட்டிலும் அதே. கதவுகளை ஒவ்வொன்றாகச் சாத்தினார்கள். கடைக்காரர்கள் ஷட்டரைப் பாதி இறக்கினார்கள். ஆண்கள் எழுந்து நின்று, தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்கள். குழந்தைகளின் கண்ணைப் பொத்தினார்கள்.

வந்தவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. சங்கத்திலிருந்து எழுதிய நன்றிக் கடிதம் கோப்பில் இருக்கிறது, ஏழாவது தாள். வாசியுங்கள். “இத்தனை அமைதியும் மரியாதையும் உள்ள கூட்டத்தை நாங்கள் எந்த ஊரிலும் கண்டதில்லை.”

பிணம் கடந்து போனதும் வாசலில் தண்ணீர் ஊற்றுவது எங்கள் வழக்கம். கடைசியில் வருவதுதானே பிணம்? தில்லை ஒரு வீட்டைக் கடக்க வேண்டியது, பின்னால் கதவு திறந்து ஒரு செம்புத் தண்ணீர் விழும். கோலம் கரைந்து ஓடும். சிலருக்குப் பொறுமை இல்லை; அவள் கடக்கும் முன்பே ஊற்றிவிட்டார்கள். வயதானவர்கள் ஒன்றிரண்டு பேர் முகத்தையும் அடையாளம் கண்டுகொண்டார்கள். அவள் காரியத்தில் சாப்பிட்டவர்கள் அல்லவா? வடக்கு வீதியில் ஓர் அம்மாள் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். பிறகு பத்து நாள் காய்ச்சல் என்று கேள்வி.

தில்லை நிற்கவில்லை. ஈரக்காலோடு மூன்று பழத்தையும் போட்டுப் பிடித்துக்கொண்டு வந்தாள். ஒன்றும் விழவில்லை என்கிறார்கள்.

மேற்கு வீதி முனையில் ஊர்வலம் திடலுக்குள் திரும்பியது. நான் மேடையேறி வரவேற்புரையைத் தொடங்கினேன். மேடையிலிருந்து பார்த்தால் முனை தெரியும். அறுபத்து மூன்று பேர் உள்ளே வந்தார்கள். ஒருத்தி வரவில்லை. கொட்டு இல்லாமல், முன்னால் ஒருவரும் இல்லாமல், தன் போக்கில் தெற்குத் தேர் வீதிக்குள் போய்க்கொண்டிருந்தாள். ஒலிபெருக்கியில் பேசிக்கொண்டிருப்பவன் பாதியில் இறங்கி ஓட முடியுமா? எறிபிடி என்ற சொல்லுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன். முழுவதும் சொல்லி முடித்தேன்.

ஆகவே இங்கே நடந்ததை நான் பார்க்கவில்லை. கேட்டதைச் சொல்கிறேன்.

எதிர் வீட்டில் தையற்கடை வைத்திருக்கும் முருகையாவின் பாடம் இது. அவள் வந்து ஜன்னலுக்கு நேரே நின்றாள். பழம் மேலே போய் வந்துகொண்டிருந்தது. அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு வாய்க்குள் எண்ணினார்கள். முப்பது வரை தனக்கே கேட்டதாகச் சொல்கிறான். தையற்காரன் எண்ணிக்கையை நான் முழுவதும் நம்புவதில்லை. அளவுச் சட்டையே அவனுக்குச் சரியாக வராது.

கோமதியின் பாடம் வேறு. கொட்டுச் சத்தம் கேட்டதிலிருந்தே அம்மா, “இடமா வருதே, யாரு போயிட்டா?” என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். யார் கேட்டாலும் ஏதோ ஒரு சாவு என்று சொல் என நான் கோமதியிடம் சொல்லிவிட்டுத்தான் போயிருந்தேன். அப்படியே சொல்லியிருக்கிறாள். அம்மா எழுந்து போய் ஜன்னலில் பார்த்தார்கள். பார்த்துவிட்டு, “இப்பத்தான் கொண்டுட்டு வாராவளா? இத்தன வருசமா எங்க போட்டிருந்தாவ எம் பிள்ளைய?” என்றார்கள். அது கேட்டுத் தில்லை படியேறி வந்தாள். கோமதி கதவைச் சாத்திவிட்டாள். சாத்திவிட்டு, வழக்கப்படி, கதவிடுக்கு வழியே தண்ணீர் ஊற்றினாள். தண்ணீர் தில்லை காலில் விழுந்தது. “கை தானா ஊத்திட்டு, நான் ஊத்தல” என்று கோமதி சொன்னாள். அதையே பிறகு பல நாள் சொன்னாள், சோறு வடிக்கும்போது, கோலம் போடும்போது. ஊருக்குக் கிளம்பும் அன்றும் சொன்னாள்.

தில்லை மூன்று பழத்தையும் படியில் வைத்துவிட்டுத் திரும்பினாள். நல்ல பழங்கள். கோமதி தொட மாட்டேன் என்றுவிட்டாள். நானே உப்புப் போட்டு ஊறுகாய் ஆக்கினேன். சிறு சாடிதான், ஓர் ஆண்டாகியும் கெடவில்லை. போகும்போது கொஞ்சம் தருகிறேன்.

தில்லை திடலுக்கு வந்தாள். பொன்னாடை போர்த்த வேண்டிய பொறுப்பு எனக்கு. சர்க்கஸ் கலைஞர் தில்லை அம்மையார் என்று மட்டும் அறிவித்தேன். பிறந்த ஊர் சொல்லவில்லை. போர்த்தும்போது என் காதருகே சொன்னாள்: “அம்மா பாத்துட்டா, அண்ணாச்சி. செத்தவளப் பாக்க மாதிரித்தான் பாத்தா. ஆனா பாத்துட்டா.” கூட்டம் கை தட்டியது. ஐந்தரைப் பேருந்தில் போய்விட்டாள்.

என் இழப்பு அதன் பிறகுதான். அம்மா மறுநாள் தட்டை எடுத்தார்கள். பதினேழு ஆண்டு பரணில் கிடந்த தட்டு. தானே ஏணி வைத்து ஏறினார்களோ, கோமதிதான் எடுத்துக் கொடுத்தாளோ, இரண்டு விதமாகவும் சொல்லலாம். “எய்யா, செத்தவ நடப்பாளா?” என்று கேட்டார்கள். நடக்க மாட்டாள் என்றேன். “பழம் போட்டுப் பிடிச்சாளே?” பழக்கத்தில் கை ஓடும் அம்மா என்றேன். அதை யோசித்தார்கள். பிறகு தட்டை வைத்துவிட்டார்கள். அன்றிலிருந்து தினம் வைக்கிறார்கள். தெருவில் யார் போனாலும் ஜன்னல் வழியே, “எம் மகளப் பாத்தியளா?” என்று கேட்கிறார்கள். இருபது ஆண்டு தட்டுக்கு நான் ஒரு முடிவு கட்டினேன். ஒரே மாலையில் அதைக் கெடுத்துவிட்டுப் போனாள். அவளுக்கு என்ன? ஐந்தரைப் பேருந்து.

சரி. இப்போது அந்தக் கடிதத்தைக் கொடுங்கள்.

அவள் கைதான். இன்னும் எழுத்துப் பிழை.

“உங்க ஊர் ஊர்வலத்துக்கு வாரேன். மொதல்லயோ கடைசிலயோ எங்க நிக்கச் சொன்னாலும் நிக்கேன். எனக்கு மரியாதை ஒண்ணும் வேண்டாம். எங்க அம்மாவ ஒரு கார்ல கூட்டிட்டு வந்து முன்னால ஒரு நாற்காலி போட்டு உக்கார வைங்க. நான் சாகலன்னு அவகிட்ட நானே சொல்லணும்.”

இதற்குத்தான் வந்தீர்களா? பாதையும் வரிசையும் கேட்க மட்டும் வரவில்லை. காரும் ஏற்பாடு செய்துவிட்டீர்கள் போலிருக்கிறது. ஒன்றரை மணி நேரப் பாதைதான், தெரியும்.

திரவியம் சார், எண்பத்தெட்டு வயது. அந்த நாற்காலியில் உட்கார வைத்து, காரியம் செய்த மகள் முன்னால் வந்து நின்று, நான் சாகவில்லை என்று சொன்னால் அந்த உயிர் தாங்குமா? தாங்கினால்தான் என்ன, அதன் பிறகு என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்பார்களே, அதற்கு நான் என்ன பாடம் சொல்வது? இந்த வீட்டில் எனக்கென்று இருப்பது அவர்கள் ஒருவர்தான்.

பேனா வைத்திருக்கிறீர்களா? நான் எழுதினால் அவள் நம்ப மாட்டாள். நீங்கள் எழுதினால் நம்புவாள். கோப்பு இங்கேயே இருக்கட்டும். கடிதம் முடிந்ததும் எடுத்துக்கொள்ளலாம். உங்கள் ஊர்க் காவல் நிலையத்தில் இருப்பவர் என் மாணவர். அவருக்கும் ஒரு வரி எழுதித் தருகிறேன், மறுநாளே அனுமதி வந்துவிடும். இந்தக் கோப்பு இல்லாமல் மாசிக்குள் உங்களால் ஒரு தாளும் நகர்த்த முடியாது. அது உங்களுக்கும் தெரியும்.

எழுதுங்கள்.

“மதிப்புக்குரிய அம்மையாருக்கு. தங்கள் தமையனார் இல்லத்துக்கு நேரில் சென்றிருந்தேன். தங்கள் அன்னையார் சொர்ணாம்பாள் அவர்கள் சென்ற கார்த்திகை மாதம் சிவபதம் அடைந்த செய்தியை வருத்தத்துடன் தெரிவிக்கிறேன்.”

வருத்தத்துடன் என்பதை முன்னால் போடுங்கள். வருத்தத்துடன் தெரிவிப்பது என்னவென்றால். ஆம். அதுதான் ஓட்டம்.

“காரியங்கள் யாவும் முறைப்படி நிறைவேறின. ஆகவே தாங்கள் குறிப்பிட்ட ஏற்பாட்டுக்குத் தேவை எழவில்லை.”

ஏன் நிறுத்திவிட்டீர்கள்? அவளுக்கு நான் செய்ததைவிட அதிகமாக அம்மாவுக்கு ஒன்றும் செய்யவில்லை. இருவருக்கும் ஒரே முறை. கையெழுத்துப் போடுங்கள். பதவியையும் எழுதுங்கள், செயலாளர் என்று.

நன்று. ஒரு தடவை வாசித்துக் காட்டுங்கள். சற்று உரக்க, எனக்கு இடது காது மந்தம்.

ம்.

ம்.

பிழை இல்லை. கோப்பை எடுத்துக்கொள்ளுங்கள்.

என்னம்மா? ... ஒண்ணுமில்ல. இவுக ஊர்ல ஒரு சாவு. ... பொம்பளதான். ... பேரா? உன் பேருதான். ஊருக்கு நாலு பேரு இருக்காவ இந்தப் பேர்ல. ... வயசு எம்பத்தெட்டு. ... ஆமா, கல்யாணச் சாவுதான். ... மகன் இருக்கான்; எல்லாம் முறையாச் செஞ்சிட்டான். ... மகளா? மகளும் உண்டு. ...

சொல்லி அனுப்பியிருக்கும்மா.